ஒன்பது நொடி

சிவப்புக் கல் கட்டடத்தின் பின்வாசலில் வேனை நிறுத்தியபோது மணி பதினொன்று. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சூடுதான் இல்லை. ஜனவரியில் அந்த ஊர் வெயில் அப்படித்தான், கடமைக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். வழியின் இரண்டு பக்கமும் பனியை ஆள் உயரத்துக்குத் தள்ளிக் குவித்திருந்தார்கள்.

"இறங்கலையா பாஸ்?" என்றான் நார்பர்ட்.

மார்லிஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐம்பத்தோரு வயதில், இருபது வருடமாகக் கட்டடம் கட்டடமாகக் கேபிள் இழுத்த கை அது.

"இறங்கு. சாமானை எடு. நான் வரேன்."

இந்தக் கட்டடத்துக்குள் அவள் வந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. மறுபடி வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட வந்துவிடுவதே மேல் என்று தோன்றியது. வந்தாயிற்று.

ஒரு காலத்தில் இரும்புச் சுரங்கக் கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்த இடம். சுரங்கம் மூடி, கம்பெனி போய், இப்போது மேல்மாடியில் மூன்று மாவட்டங்களுக்கான ஆம்புலன்ஸ் அழைப்பு அலுவலகம் நடக்கிறது. முற்றத்துக்கு அந்தப்புறம், பழைய ஆவணங்களைத் தீயிலிருந்து காப்பாற்றக் கட்டிய கல் அறை ஒன்று தனியாக நிற்கிறது. சர்வர்கள் அங்கே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தரைக்கடியில், முன்பு நீராவிக் குழாய் போன ஒரு சுரங்க வழி. தவழ்ந்துதான் போக முடியும். சர்வரையும் அலுவலகத்தையும் இணைக்கிற பழைய செம்புக் கேபிள் அதன் வழியாகத்தான் போகிறது. அதற்குப் பதில் கண்ணாடி இழைக் கேபிள் போட வேண்டும். போன முறை வந்ததும் அதே வேலைக்குத்தான். அது பாதியில் நின்றுபோனது.

மேலே அழைப்பு அலுவலகத்தின் மேற்பார்வையாளர் வெர்னா வாசலிலேயே நின்றிருந்தாள். வாட்டசாட்டமான பெண், தலையில் ஹெட்செட், கையில் பாதி தின்ற கறி அடை.

"வந்தியா மார்லிஸ்! நீ வருவேன்னு நான் நம்பவே இல்ல. வா, வந்து இந்தக் கொடுமையைப் பாரு."

அவள் ஒரு திரையைக் காட்டினாள். பக்கத்து மேசையில் ஓர் அழைப்பு மணி அடித்தது. ஊழியர் பட்டனை அழுத்தினார். குரல் உடனே வந்தது. வரைபடம் வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம்.

வெர்னா விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது என்றபோது வரைபடம் விழுந்தது.

"பாத்தியா? ஆறு மேசையும் ஒண்ணா வேலை செஞ்சா இதான் கதி. கூப்பிடுறவங்க எங்கே இருக்காங்க, கிட்ட எந்த வண்டி இருக்கு, எல்லாம் அந்தக் கல் ரூம்லேர்ந்து வரணும். அந்தப் பழைய வயர் ஒண்ணுதான் வழி. தொண்டையில கறி மாட்டிக்கிட்டவனுக்கு ஒன்பது செகண்டுன்னா எவ்வளவு தெரியுமா?"

"இன்னிக்குப் போட்டுடலாம்," என்றாள் மார்லிஸ்.

"போன மாசம் வேற கம்பெனிக்காரங்க வந்தாங்க. நடுவழியில கேபிள் மாட்டிக்குது, எவ்வளவு இழுத்தாலும் வரலைன்னு கையை விரிச்சிட்டுப் போயிட்டாங்க. யாரோ அந்தப் பக்கம் புடிச்சிக்கிட்ட மாதிரி இருக்குன்னான் ஒருத்தன்." வெர்னா சிரித்தாள். சிரித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள். "மன்னிச்சுக்கம்மா. உன் கூட்டாளி ஆர்வோ செத்துப்போன இடம்னு மறந்துட்டேன்."

"பரவாயில்ல."

"இந்த வேலை முடிஞ்சா இன்னொரு தொல்லையும் தீரும். தினம் ரெண்டு நாப்பதுக்கு ஒரு கால் வருது. நம்பர் விழறதில்ல. யாரும் பேசுறதில்ல. ஏதோ மரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சரியா எட்டு செகண்ட், அப்புறம் கட். கால் அறுந்தா மேப்பும் வராது. எங்கேர்ந்து வருதுன்னு ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிறோம். விளையாடுறானோ, நெஜமாவே ஆபத்தோ, யாருக்குத் தெரியும்?"

மார்லிஸ் கேபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

அடித்தளம் மாறவே இல்லை. தாழ்ந்த கூரை, தெருவின் பனி தெரியும் ஒரு சின்ன ஜன்னல், சுவரின் கீழே இரண்டடி அகலத்தில் சுரங்க வழியின் வாய். அதற்குப் பத்தடி தள்ளி, கனமான ஓக் மர நாற்காலி. சுரங்கக் கம்பெனி விட்டுப்போன நாற்காலி அது. ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து சுரங்க வாய் வரை தரையில் இரண்டு நீளமான கீறல்கள் இருந்தன.

"துப்புரவு ஆளு தினம் தேய்க்கிறாராம்," என்றான் நார்பர்ட், கீறலைக் காலால் தடவியபடி. "மறுநாள் புதுசா இருக்காம். மேலே சொல்லிச் சிரிச்சிக்கிறாங்க."

அவன் இந்த ஊர்க்காரன் அல்ல. ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவன். நாற்பது வயது, நல்ல மனது, அதைவிட நல்ல தொப்பை. அந்தத் தொப்பை சுரங்க வழிக்குள் நுழையாது என்பது இருவருக்கும் தெரியும்.

நடுவழியில் சுரங்கம் ஒரு மூலை திரும்புகிறது. கண்ணாடி இழை அந்த மூலையில் மடங்கினால் உள்ளே ஒடிந்துவிடும். ஆகவே ஒருவர் மூலைவரை தவழ்ந்து போய், கேபிளைக் கையால் வளைத்து ஊட்ட வேண்டும். இன்னொருவர் அடித்தளத்தில் இருந்து இழுகயிற்றை இழுக்க வேண்டும். கேபிளின் நுனி கயிற்றோடு வந்துவிடும். போன முறை மூலையில் இருந்தவர் ஆர்வோ. இங்கே நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தவள் மார்லிஸ்.

"வாக்கி டாக்கி?"

"இங்கே வேலை செய்யாது. சுத்திக் கல்லு, கல்லு பூரா இரும்பு. கயிறுதான் பேச்சு. நல்லாக் கேட்டுக்கோ. ஒரு சுண்டு சுண்டினா நிறுத்து. ரெண்டுன்னா இழு. மூணுன்னா..." அவள் கயிற்றை அவன் கையில் திணித்தாள். "மூணுன்னா ஆபத்து, உடனே வா."

"இரும்புச் சுரங்கத்துல மணி அடிச்சு சைகை சொல்ற மாதிரியா?"

"ஆர்வோவோட அப்பா சுரங்கத்துல மணிக்காரர். அங்கேர்ந்து வந்த பழக்கம்."

"நாலு சுண்டினா?"

"நாலு கிடையாது."

நாலு உண்டு. பத்தொன்பது வருடம் இருந்தது. நான்கு சுண்டினால் காபி நேரம். எந்தக் கட்டடத்தின் எந்தப் பொந்துக்குள் கிடந்தாலும், மதியம் இரண்டரையைத் தாண்டிவிட்டால் ஆர்வோவின் கயிறு நான்கு முறை சுண்டும். "யோவ், இன்னும் பத்தடிதான், முடிச்சிட்டுக் குடிப்போம்யா" என்று இவள் கத்துவாள். கிழவர் கேட்கமாட்டார். பிளாஸ்கோடு அவரும் இவளும் உட்கார்ந்து குடித்த காபியைக் கணக்கெடுத்தால் ஒரு ஏரி நிரம்பும்.

"நார்பர்ட், இதைக் கேளு. கயிறைக் கையை விட்டு இறக்காதே. எதுலயும் கட்டாதே. கூரை இடிஞ்சு விழுந்தாலும் சரி."

"என்ன பாஸ், நான் குழந்தையா?"

ஒன்றரை மணிக்கு அவள் உள்ளே தவழ்ந்தாள்.

ஈரக் கல்லின் வாடை. துருவின் வாடை. முழங்காலுக்கடியில் பழைய கரித்தூள் நெரிந்தது. தலை விளக்கின் வெளிச்சம் முன்னால் நான்கடிக்குமேல் போகவில்லை. தன் மூச்சுச் சத்தமே யாரோ பின்னால் வருகிற மாதிரி கேட்டது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், திரும்ப இடமில்லாத இடத்தில்.

மூலை வந்தது. இங்கேதான் அவர் கிடந்தார், கன்னத்தைக் கல்லில் வைத்து, தூங்குகிறவர் மாதிரி. மார்லிஸ் அந்த இடத்தில் முழங்கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து, கயிற்றை இரண்டு முறை சுண்டினாள்.

அந்தப் பக்கம் நார்பர்ட் இழுத்தான். வெடுக்கு வெடுக்கென்று, ஆடு புல் கடிக்கிற மாதிரியான இழுப்பு. கேபிள் சர்வர் அறைப் பக்கமிருந்து வந்து, அவள் கைகளில் வளைந்து, இருட்டுக்குள் போயிற்று. பத்து நிமிடம், இருபது நிமிடம். நன்றாகவே நடந்தது. பயந்ததெல்லாம் வீண் என்றுகூட அவள் நினைக்க ஆரம்பித்தாள்.

அப்போது காபி வாசனை வந்தது.

மெல்லியதாக, நிச்சயமாக. பிளாஸ்கில் அடைத்து, அடியில் கொஞ்சம் கசந்த காபி.

கேபிள் நின்றது.

இரண்டு முறை சுண்டினாள். பதில் இல்லை. மறுபடி சுண்டினாள். கயிறு எதிலோ கட்டிப்போட்டதுபோல் விறைப்பாக இருந்தது.

தலை விளக்கு மங்கி, ஒரு முறை துடித்து, அணைந்தது.

மூன்று முறை சுண்டினாள்.

ஒருவரும் வரவில்லை.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். தூரத்தில், அடித்தளத்தின் பக்கமிருந்து, தரையில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது.

*கர்ர்ர்.*

நார்பர்ட் கயிற்றை நாற்காலிக் காலில் கட்டிவிட்டுப் போய்விட்டான். படித்துப் படித்துச் சொல்லியும் கட்டிவிட்டுப் போய்விட்டான். இழுத்தால் நாற்காலிதான் நகர்கிறது. இந்த இருட்டில், இதே மூலையில், ஆர்வோ கடைசியாகக் கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் யாராவது வருவார்கள் என்று நம்பி இழுத்திருப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் காலி நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

அவள் கயிற்றை விட்டாள்.

*கர்ர்ர்.*

அவள் இழுக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது.

*கர்ர்ர்.*

பிறகு அமைதி. அந்த அமைதியில், மடியில் கிடந்த கயிறு அசைந்தது. இரண்டு சுண்டு.

இழு.

கேபிள் ஓடத் தொடங்கியது. நார்பர்ட்டின் இழுப்பு இல்லை. நீளமான ஒரு இழுப்பு, சின்ன நிறுத்தம், மறுபடி நீளமான இழுப்பு. பத்தொன்பது வருடம் அவள் கை பழகிய தாளம். வேண்டாம் என்று மனம் சொன்னாலும் கை தானாகக் கேபிளை வளைத்து ஊட்டியது. கன்னத்தில் கண்ணீர் ஓடுவது உப்புக் கரித்த பிறகுதான் தெரிந்தது. கடைசி அளவைக் குறிக்கும் தடித்த நாடா விரலில் தட்டுப்பட்ட அதே கணத்தில் ஒரு சுண்டு வந்தது. நிறுத்து. தலை விளக்கு தானாக எரிந்தது.

வெளியே வந்து விழுந்தபோது அடித்தளத்தில் யாருமில்லை. நாற்காலி சுரங்க வாயை அடைத்துக்கொண்டு நின்றது, அதைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அதன் பக்கத்தில் கேபிள் எட்டு வடிவத்தில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நார்பர்ட்டுக்கு எட்டு வடிவம் போட வராது.

அவன் படியிறங்கி வந்தான், இரண்டு கையிலும் காபிக் கோப்பை.

"கோவிச்சுக்காதீங்க பாஸ். வெர்னா வந்து மேலே பழைய பெட்டியோட சுவிட்சை அணைக்கணும்னாங்க. ரெண்டே நிமிஷம்னு கட்டிட்டுப் போனேன், அங்கே இழுத்தடிச்சிட்டாங்க. வரும்போது அப்படியே காபி..." அவன் சுருட்டிக் கிடந்த கேபிளைப் பார்த்தான். "எப்படி நீங்களே உள்ளேயும் இருந்து வெளியேயும் இழுத்தீங்க?"

மார்லிஸ் நாற்காலியிடம் போய்க் குனிந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். அடுத்த முறைக்கென்று கேபிளோடு ஒரு கயிற்றை உள்ளேயே விட்டுவைப்பது தொழில் வழக்கம். அதன் நுனியைச் சுருட்டிச் சுவர் ஆணியில் மாட்டினாள். பிறகு நாற்காலியைப் பத்தடி பின்னால், அதன் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

தள்ளி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அன்றும் இதைத்தான் செய்தாள்.

அன்று மேலே யாருக்கோ பிறந்தநாள். கேக்கும் காபியும், யார் வந்தார் போனார் என்று யாரும் கவனிக்காத கூட்டமும். இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கயிற்றை நாற்காலிக் காலில் கட்டிவிட்டுப் போனாள். போனபோது இரண்டு நாற்பது. திரும்பியபோது இரண்டு ஐம்பத்தொன்று. நாற்காலி சுரங்க வாயில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்தாள். முடிச்சை அவிழ்த்து, நாற்காலியை இருந்த இடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

"நான் இங்கேயேதான் உக்காந்திருந்தேன். கயிறு அசையவே இல்லை." ஷெரிஃபிடம் அதைச் சொன்னாள். முதலாளியிடம் சொன்னாள். ஆர்வோவின் மனைவி ஐலியிடம் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள்: "ஒரு நொடியில போயிட்டார். கஷ்டமே படல." ஞாயிறுதோறும் ஐலி ஃபோன் செய்வாள். ஞாயிறுதோறும் அதையே மறுபடி கேட்பாள். மார்லிஸும் அதையே மறுபடி சொல்வாள். மாரடைப்பு வந்தவரைப் பதினோரு நிமிடத்துக்குள் மேல்மாடி ஆட்கள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. மேல்மாடியில் இருந்ததே ஆம்புலன்ஸ் அலுவலகம்.

இரண்டு முப்பத்தைந்துக்கு இரண்டு முனைகளையும் சொருகிவிட்டார்கள். பச்சை விளக்குகள் எரிந்தன.

மேலே வெர்னா தன் மேசையில் உட்கார்ந்து ஒரு சோதனை அழைப்பு போட்டாள். மணி அடித்து முடிவதற்குள் வரைபடம் விரிந்துவிட்டது. தெரு, வீடு, வாசல், மிக அருகே நிற்கும் வண்டி, எல்லாம் ஒரே மூச்சில். அவள் இன்னொன்று போட்டாள். ஆறு மேசையிலும் ஒரே நேரத்தில் போடச் சொன்னாள். ஆறும் விரிந்தன. ஊழியர்கள் கை தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார்.

"மார்லிஸ், உன்னைக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருக்கு! பத்து மடங்கு வேகம்னு சொன்னப்ப நான் நம்பல. இனிமே எங்கேர்ந்து கூப்பிட்டாலும் ஒருத்தரும் தப்ப முடியாது!"

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பதைக் காட்டியது.

மணி அடித்தது.

"இதோ வந்துட்டான் நம்ம ஆளு," என்றாள் வெர்னா. ஒலிபெருக்கியைத் திருப்பினாள். "இன்னிக்கு மாட்டிக்கிட்டான்."

*கர்ர்ர்.*

வரைபடம் உடனே விரிந்தது. ஊர். தெரு. சிவப்புக் கல் கட்டடம். அதற்கும் கல் அறைக்கும் நடுவே, முற்றத்தின் பனிக்கடியில், ஒரு சிவப்புப் புள்ளி.

ஊழியர்கள் வந்து திரையைச் சுற்றி நின்றார்கள்.

"இது நம்ம கட்டடம்," என்றாள் வெர்னா மெதுவாக. "இது நமக்குக் கீழே."

*கர்ர்ர்.*

எட்டு நொடி ஆயிற்று. ஒன்பது. பத்து. அழைப்பு அறுந்துபோகவில்லை.

"ஹலோ? உங்களுக்கு என்ன ஆபத்து? கேக்குதா?" வெர்னா மார்லிஸ் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை. "நீ இப்பதானே அங்கேர்ந்து வந்தே. உள்ளே யாராவது இருக்காங்களா? நேர்ல பாத்தவங்க இல்லேன்னு சொன்னா நான் இதை மூடிடலாம். சொல்லு. மூடட்டுமா?"

ஒரு வார்த்தை போதும். போன முறையும் ஒரு வார்த்தைதான் போதுமாக இருந்தது. மார்லிஸ் வாயைத் திறந்தாள். இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஒரு வருடமாகப் பழகிய சொல்.

*கர்ர்ர்.*

"மூடாதே," என்றாள். "இருக்கார்."

அவள் படிகளில் இறங்கி ஓடினாள். நார்பர்ட் பின்னால் ஓடிவந்தான்.

நாற்காலி பாதி வழியில் இருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க இன்னொரு சாண் நகர்ந்தது. ஆணியில் மாட்டிய கயிறு அங்கே இல்லை. அது சுரங்க வாயிலிருந்து விறைப்பாக நீண்டு நாற்காலிக் காலில் கட்டியிருந்தது. முடிச்சு இரட்டைச் சுற்று, மேலே ஒரு வளையம். நார்பர்ட்டுக்கு அந்த முடிச்சு தெரியாது. ஆர்வோவுக்கும் அந்த முடிச்சு பிடிக்காது.

அது அவள் போடும் முடிச்சு.

"பாஸ், வாங்க போயிடலாம்," என்று நார்பர்ட் முணுமுணுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள். அது பனிக்கட்டி மாதிரி இருந்தது. மற்றக் கையால் கைபேசியை எடுத்து, ஜன்னலோரம் நகர்ந்து, ஐலியை அழைத்தாள். இன்று ஞாயிறு இல்லை.

"மார்லிஸா? என்னம்மா இந்நேரத்துல?"

"ஐலி, நான் பொய் சொன்னேன்." ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் சொல்லவே முடியாது. "நான் அங்கே இல்ல. கயிறை நாற்காலியில கட்டிட்டுக் காபி குடிக்கப் போயிட்டேன். அவர் கூப்பிட்டிருக்கார். பதினோரு நிமிஷம் கூப்பிட்டிருக்கார். நாற்காலி துளை வரைக்கும் நகர்ந்திருந்துச்சு. நான் அதைத் திருப்பித் தள்ளி வெச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டகூடச் சொல்லல."

நார்பர்ட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஐலி அழுவாள், திட்டுவாள், வைத்துவிடுவாள் என்று மார்லிஸ் காத்திருந்தாள்.

"இங்கே சமையலறையில அவர் நாற்காலி தினமும் நகருது," என்றாள் ஐலி. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "ரெண்டு நாப்பதுக்கு. காபிக்குத்தான் வந்து உக்கார்றார்னு நெனச்சேன். ஒரு வருஷமா தினமும் ஒரு கோப்பை ஊத்தி வெச்சிட்டு, எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன். சந்தோஷமா இருந்தேன் மார்லிஸ். அவர் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கார்."

"ஐலி..."

"இப்பவும் நகருது. கேக்குதா?"

கேட்டது. ஃபோனுக்குள் ஒரு வீட்டுத் தரையில், மெதுவாக, *கர்ர்ர்*.

"வெச்சிடாதே," என்றாள் ஐலி. "பதினோரு நிமிஷமும் கேளு."

மார்லிஸ் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனியில் வெயில் பளபளத்தது. தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். மேலே வெர்னாவின் ஆட்கள் ஓடுகிற காலடிச் சத்தம் கூரையில் கேட்டது. இவளுடைய காதில் மரம் தரையை உரசியது, நின்றது, உரசியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலம் குறைந்து. பதினோரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குச் சத்தம் நின்றது. ஐலி ஃபோனை வைத்தாள்.

"முடிஞ்சுதா பாஸ்?" நார்பர்ட் கிசுகிசுத்தான். "போலாமா?"

மார்லிஸ் தலையசைத்தாள். எழுந்து, உள்ளங்கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரிக்கப் போனாள்.

கயிறு சுண்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுரங்க வாயிலிருந்து காபி வாசனை வந்தது, பிளாஸ்கைப் பக்கத்தில் திறந்த மாதிரி.

நான்கு.